ஆயாவுக்கு வேலை இல்லை என்று எழுதியவர்

அந்த வேலை கையை விட்டுப் போகவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் 'அப்பாடா' என்றுதான் வருகிறது. அறுபதாம் வருஷத்துக்குச் சற்றுப் பிறகு, நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு கிடைத்த வேலை. என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் எனக்கும் அதுதான் சோறு.

நகராட்சியைத் திருத்தி அமைக்க மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். எந்த ஆள் தேவை, எந்த ஆள் வேண்டாம் என்று பார்த்து எழுதித் தருவாராம். ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற மலைக்கோட்டைக்கே வழி கேட்டவர் என்று சொன்னார்கள். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மத்தியானம் பார்த்து ஒரு பிரசவமும் இல்லை.

"நீ என்னம்மா வேலை பண்றே?" என்று கேட்டார்.

ரத்தத் துணி அலசுவதையும் நஞ்சுக்கொடி புதைப்பதையும் முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு, "சும்மாதான் இருக்கேன்யா" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நர்ஸம்மா சேதி கொண்டுவந்தார். ஆயா வேலையை எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாராம்.

"கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"ஆம்பளைகிட்டப் போயி அதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

"ஆத்தாடி, இவ வெக்கமே! வெக்கம் வந்து ஒம் புள்ளைகளுக்குச் சோறு போடுமா?"

எழுதியது சரிதானா என்று பார்க்க, மறுநாள் நகராட்சி சேர்மன் அந்த நிபுணரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். நர்ஸம்மா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, "நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றார். செத்த நேரத்தில் வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே வலி கண்ட பெண்.

நர்ஸம்மா நிபுணரிடம் திரும்பினார். "ஆயாதான் வேணாம்னு எழுதிட்டீகளே சார், நீங்க வாங்க. இந்தப் புள்ளையத் தாங்கிப் பிடிச்சு எறக்குங்க. அடுப்புல வெந்நி கொதிக்குது, அதையும் தூக்கியாந்துருங்க."

அவர் காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் பின்வாங்கினார். வண்டிக்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் அலறியதும் நர்ஸம்மா சொன்னது மறந்துபோய், பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவிட்டேன்.

இரண்டாம் முறை வெந்நீருக்காக வெளியே வந்தபோது சேர்மன் குரல் கேட்டது.

"ஆயா பத்தின வரிய அடிச்சிருங்க சார். ஒரு ஆயா பத்தாது போலருக்கே."

கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் மூச்சே ஒழுங்காக வந்தது.

"வெந்நி எங்கடி?" என்று உள்ளேயிருந்து சத்தம்.

"இந்தா வாரேம்மா!" என்று ஓடினேன்.