மூன்றாவது கையெழுத்து

கதவடைப்பு தொடங்கி இரண்டு சம்பளம் போயிருந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருக்கும் பிரஸ் மிஷின்களை அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி வேகம் குறைத்தாலே எல்லோரும் எழுந்து நிற்போம். அது பக்கத்துக் கம்பெனிக்குள் திரும்பும். மறுபடி உட்காருவோம்.

எங்கள் சங்கத்துக்கென்று ஒரு ஓய்வு நிதி இருந்தது. அரசாங்கத்தின் தொழிலாளர் பென்ஷனை வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சர்க்கரை மாத்திரைக்கே சரியாகப் போய்விடும் என்பார்கள். அதனால் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, பேங்கில் டெபாசிட்டாகப் போட்டு, ரிட்டையர் ஆனவர்களுக்கும் இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கும் அதன் வட்டியிலிருந்து கொடுத்து வந்தோம். அசலைத் தொட வேண்டுமென்றால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். தலைவர், பொருளாளர், அப்புறம் அடுத்து ரிட்டையர் ஆகப்போகிற ஆள். பணம் போனால் முதலில் தெருவில் நிற்கப்போகிறவன் கையில் பூட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று சங்கம் ஆரம்பித்தவர்கள் போட்ட விதி அது. அந்த வருஷம் அந்த ஆள் நான்.

எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வாசல் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எல்லோரும் கை தூக்கிவிடுவோம். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஆபீஸர்கள் நின்று பார்ப்பார்கள். கேட்டில் கேமரா இருக்கிறது. ஒரு கை கீழே இருந்தால் போதும், சாயங்காலமே அந்த ஆளுக்கு உள்ளேயிருந்து ஃபோன் வரும், குழைந்து குழைந்து பேசுவார்கள். அதனால் பிடிக்கிறதோ இல்லையோ, கை மேலே போய்விடும். பிடிக்காததைப் பிற்பாடு டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொள்வோம். அப்படித்தான் அத்தனை வருஷமும் உடையாமல் இருந்தோம்.

அன்றைக்குத் தலைவர் மைக்கைப் பிடித்து, நிதியை உடைத்து வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்போம் என்றார். அவர் போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர், நன்றாகப் பேசுவார். ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ, வீட்டு வாடகை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எல்லாக் கையும் மேலே போனது. பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்த ரிட்டையர் ஆன ஆட்கள்கூடத் தூக்கினார்கள். இந்த நிதியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது, அதை உடைக்கவும் தூக்குகிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

பந்தல் ஓரமாக உத்தனப்பள்ளி அம்மா நின்றிருந்தார். எங்கள் லைனில் வேலை பார்த்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவரின் மனைவி. நிதியிலிருந்து மாதப் பணம் வாங்குகிறவர், ஆனால் மெம்பர் இல்லை, ஓட்டு கிடையாது. அந்தக் கைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

என் கை கீழேயே இருந்தது. கொள்கை அது இது என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்தான். அந்தப் பணம் போய்விட்டால் திரும்பச் சேர்க்க ஒரு ஆயுள் வேண்டும், அந்த ஆயுள் எங்கள் யாரிடமும் மிச்சமில்லை.

"என்னாண்ணா, கை வலிக்குதா?" என்று ஒருத்தன் கத்தினான். சிரித்தார்கள். இன்னொருத்தன், "அவருக்கு என்னாப்பா, அடுத்த வருசம் வூட்ல குந்திக்கினு வாங்கப் போறாரு" என்றான்.

"ஆமாடா, வாங்கத்தான் போறேன். நீ வாங்க வேணாமா? இத இன்னைக்குத் தின்னுட்டா எத்தினி நாளைக்கு வரும்? அப்பறம் என்னாத்த திம்ப?" என்று எழுந்துவிட்டேன். ஒரு தண்ணீர் பாட்டில் வந்து தோளில் விழுந்தது. யார் எறிந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

மறுநாள் காலையில் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷிப்ட் ஆள் ஒருத்தர் பக்கத்தில் வந்து குனிந்து, காயைப் பார்க்கிற மாதிரி, "கையெழுத்துப் போட்டுடாதண்ணா" என்றார். முதல் நாள் என் கண்ணெதிரிலேயே கை தூக்கியிருந்தவர்.

"கூட்டத்துல சொல்றதுக்கு என்னாய்யா?"

"எப்பிடிண்ணா சொல்றது? எல்லாரும் தூக்கிட்டாங்களே."

அதையே இன்னொருத்தர் ஃபோனில் சொன்னார். மூன்றாவதாக ஒருத்தர் பைக்கை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

மத்தியானம் தலைவரே வீட்டுக்கு வந்தார். கையில் பேங்குக்கான கடிதம், இரண்டு கையெழுத்தோடு. என் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் எதையாவது தூக்கி எறிந்துவிடுவேனோ என்று நிலைப்படியிலேயே நின்றாள். தலைவர் உட்காரவில்லை. தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"அண்ணா, இதுல நீங்க கையெழுத்துப் போடாதீங்க" என்றார்.

நான் கடிதத்தை வாங்கி அந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தேன்.

"நான் சொல்லலன்னா பந்தல் இன்னைக்கே காலி. பசங்க கம்பெனி சொல்றதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டு உள்ள போயிருவாங்க. சொல்லிட்டேன். இப்ப நீங்கதான் நிறுத்தணும்."

"நிறுத்துனா என்னை எடுத்துட்டு அடுத்த ஆளப் போடச் சொல்வாங்களே?"

"போடுவோம். ஆள் மாத்துறதுக்கு பேங்க்ல அந்தப் பேப்பர் குடு, இந்தப் பேப்பர் குடுன்னு மாசக்கணக்கா இழுப்பாங்க. அதுக்குள்ள பேச்சுவார்த்தை முடிஞ்சிரும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பேருதாண்ணா கெடும்" என்றார்.

அடுத்த வாசல் கூட்டத்தில் என்னை நீக்கத் தீர்மானம் வந்தது. தலைவர் சும்மா பேசவில்லை, கிழித்தார். ஓய்வு பெறப்போகிறவரின் சுயநலம் என்றார். பட்டினி கிடக்கும் பிள்ளைகள் என்றார். நடிப்பு என்று தெரிந்தும் கோபம் தலைக்கு ஏறியது. மைக் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நான் நல்லவன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் தலைவர் போவார், பந்தல் போகும், நிதியும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. சந்தையில் குனிந்து பேசியவர் கையும் இருந்தது. கூட்டம் கலைந்தபோது உத்தனப்பள்ளி அம்மா என் பக்கம் பார்க்காமலே பஸ் ஏறப் போனார். பார்த்திருந்தால் அவருக்குத்தான் கெட்ட பெயர். ஆனாலும் வலித்தது.

தலைவர் சொன்னபடியே பேங்கில் இழுத்தார்கள். அதற்குள் பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை, ஆனால் மிஷின்கள் இடம் மாறவில்லை, கேட் திறந்தது. நிதியை உடைக்கிற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ரிட்டையர் ஆகிறவருக்கு வாசலில் மாலை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். எனக்குப் போடவில்லை.

இப்போது எனக்கும் மாதாமாதம் அந்தப் பணம் வருகிறது. போன மாதம் முதல் தேதி, தொழிற்பேட்டை டீக்கடையில் நின்றிருந்தேன். பின்னால் ஒரு குரல், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது.

"பாத்தியா, யாருக்காகக் காப்பாத்துனாருன்னு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சொன்னவன் பக்கத்திலேயே தலைவரும் நின்றிருந்தார். கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையில் கையை விட்டபோது கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். என் டீக்கும் சேர்த்துத் தலைவர் கொடுத்துவிட்டாராம்.