முடிவைச் சொல்லாதீங்க, அண்ணி

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இரண்டு கையும் அதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். காதைப் பொத்திக்கொள்ள மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. சின்னவளின் தலையெழுத்து, அவளுக்கு எதிரே நின்றது அவளுடைய நாத்தனார்.

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளைப் பேர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்கு வந்ததால் ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள் என்றாகிவிட்டது. பெரியவள் சின்னவளின் கணவனுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியதில் தனக்கென்று ஒரு வாழ்க்கை தேடிக்கொள்ள மறந்துபோனவள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தைப்பது அவள் வேலை. உலர்த்தும் இயந்திரங்கள் நின்றதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, தம்பி மனைவியோடு மடிக்க வந்துவிடுவாள்.

இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே வானொலி வைத்தாலும் கேட்காது. ஆனால் விரிப்பை மடிக்கும்போது இரண்டு பேரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். முகத்துக்கு முகம் அருகே வரும் அந்த நொடிகளில் பேச்சு காதில் விழும். அந்தத் துண்டு துண்டான பேச்சுக்கு ஏற்ற விஷயமாக அவர்களுக்கு அமைந்தது புத்தகம். "இப்ப என்ன படிக்கிற?" என்றுதான் அங்கே ஒவ்வொரு நாளும் விடியும். "ஒண்ணும் படிக்கலை" என்று சொல்லிவிட்டால், "உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பக்கத்துத் தெரு நூலகத்தில் எல்லோருக்கும் அட்டை உண்டு. இஸ்திரிக்காரம்மாவுக்குத் துப்பறியும் கதை. கொலை நடந்த வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் கெஞ்சுவதை ரசிப்பாள். சூப்பர்வைசருக்கு முன்னேறுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகங்கள். அவரும் படித்துக்கொண்டே இருந்தார். நாற்காலியும் அதே நாற்காலியாக இருந்தது.

சின்னவளுக்குக் குடும்பக் கதைகள். முக்கால்வாசி வரை வந்து நெஞ்சு அடித்துக்கொள்ள, இனி என்ன ஆகுமோ என்று ஏங்கும் அந்தத் தவிப்புக்காகவே அவள் படித்தாள். அந்தத் தவிப்பைத்தான் நாத்தனார் அவளுக்கு ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லை.

"இப்ப என்ன படிக்கிற?"

"அண்ணன் தம்பி கதை, அண்ணி. சொத்துல மனஸ்தாபம் வந்து..."

"அதுவா. தம்பி மனசு மாறி வந்துடுவான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. அந்த முனையை இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."

இப்படித்தான் எத்தனையோ கதைகள் அவள் கண்ணெதிரே உயிரை விட்டன. ஒரு கல்யாணம் நின்றுபோகும் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. காணாமல் போனவன் திரும்பி வரமாட்டான் என்பது அவன் காணாமல் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பெரியவள் முழுப் புத்தகம் படிப்பதே இல்லை. எதை எடுத்தாலும் பின்னாலிருந்து திறப்பாள். சலவைப் பிரிவில் அவளுக்குக் 'கடைசிப் பக்கம்' என்றே பட்டப்பேர்.

"உங்க அண்ணி ஜோசியம் பாக்கப் போயிருந்தா நாலு பங்களா கட்டியிருப்பாங்க," என்பாள் இஸ்திரிக்காரம்மா.

புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுப் பார்த்தாள் சின்னவள். தலையணைக்கு அடியில் ஒளித்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கூட வைத்தாள். எங்கே வைத்தாலும் மறுநாள் விரிப்பின் மறுமுனையிலிருந்து முடிவு வந்து சேர்ந்துவிடும். கணவனிடம் முறையிட்டாள்.

"அக்கா ஏதோ பேச்சுவாக்குல சொல்லுது. நீ காதுல வாங்காம இரு."

"காதைக் கழட்டி வீட்டுல வச்சுட்டா போக முடியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானா? அக்காகிட்டயா?" என்று அவன் சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினான். அந்த வீட்டில் அதோடு விசாரணை முடிந்தது.

அப்போதுதான் நூலகத்துக்கு அந்தத் தடிப் புத்தகம் வந்தது. துணையில்லாமல் ஒற்றை ஆளாக நின்று ஒரு பெண் குழந்தையை வளர்க்கும் தாயின் கதை. படித்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்களாம். இருந்தது ஒரே பிரதி. எல்லோரும் பேர் கொடுத்து வைத்தார்கள். சின்னவளின் போதாத காலம், வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தது அண்ணி.

அன்று விரிப்பை விரித்துப் பிடித்தபடியே சின்னவள் நகராமல் நின்றாள்.

"அண்ணி, உங்களை நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்தோட முடிவை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

"சொன்னா என்ன? தெரிஞ்சா நிம்மதிதானே."

"எனக்கு நிம்மதி வேணாம். உங்க தம்பி மேல சத்தியம் பண்ணுங்க."

தம்பி மேல் சத்தியம் என்றதும் பெரியவளின் முகம் சுருங்கியது. அவன் மேல் அவள் பொய்ச்சத்தியம் செய்யமாட்டாள் என்பது ஊரறிந்தது. முனகிக்கொண்டே சத்தியம் செய்தாள்.

இரண்டே நாளில் புத்தகத்தைக் கொண்டுவந்து சின்னவள் கையில் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் என்னவோ போலிருந்தது. சின்னவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கடைசிப் பக்கங்களின் பக்கம் தன் கண்கூடப் போய்விடக் கூடாது என்று, முன் அட்டையை மட்டும் திறந்து, குழந்தையைத் தூக்குவது போல அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

சத்தியத்துக்கு இப்படி ஒரு சக்தி உண்டென்று யார் கண்டது? மடிக்கும்போது அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளாகவே வலியப் போய்ச் சொன்னாள்.

"பொண்ணு பொறந்துட்டா, அண்ணி. சுருட்டை முடியாம்."

பெரியவளின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது. குனிந்து எடுத்தவள், "மெதுவாப் படி. என்ன அவசரம்?" என்றாள். மறுநாள், "எல்லாப் புத்தகத்தையும் முடிச்சே ஆகணும்னு சட்டமா? பாதியில வச்சுட்டாலும் தப்பில்லை," என்றாள். முடிவைச் சொல்ல முடியாத எரிச்சல் என்று நினைத்துச் சின்னவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மதிய இடைவேளை. உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால், துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கதையில் குழந்தைக்குக் காய்ச்சல். இறங்கவே இல்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். தாய் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இனி கடைசி அத்தியாயம். சின்னவளுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்தைப் புரட்டினாள்.

புரளவில்லை.

இழுத்துப் பார்த்தாள். மீதிப் பக்கங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பலகை போல நின்றன. ஓரத்தைத் தடவினாள். நூல். வெள்ளை நூலால் மூன்று பக்கமும் தைத்து மூடியிருந்தது. பொடிப்பொடியான, ஒரே அளவுத் தையல். முடியும் இடத்தில் இரட்டை முடிச்சு. எத்தனை ஆயிரம் விரிப்புகளில் பார்த்த தையல் அது.

வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண் தெரியவில்லை. புத்தகத்தோடு ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

"அண்ணி, இது என்ன?"

பெரியவள் தலை நிமிரவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலையே. சத்தியத்தை மீறலையே."

"ஊர்ப் புத்தகத்துல ஊசி போட்டுருக்கீங்க. உங்களுக்குப் பைத்தியமா?"

"திட்டிக்கோ. ஆனா பிரிக்காத."

"ஏன் பிரிக்கக் கூடாது? ஒரு கதையை, ஒரே ஒரு கதையை, நானாப் படிச்சு முடிக்கக் கூடாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

பெரியவளின் கையிலிருந்த ஊசி நின்றது. "அன்னைக்கு மத்தியானம் நீ ஒரு கதையைப் படிச்சுட்டு விம்மி விம்மி அழுத. நிறைமாசம். நான் அடுப்படியிலேருந்து பாத்தேன். அன்னைக்குச் சாயந்தரம்தான் உனக்கு வலி வந்துச்சு."

அந்தச் சாயந்தரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பிறந்தும் அழாமலே போய்விட்ட குழந்தை அது. பெற்றவளையும் அழ விடவில்லை. அழாதே, உடம்பு தாங்காது என்றார்கள். அழாதே, இன்னொன்று பிறக்கும் என்றார்கள். இன்னொன்று பிறக்கவும் இல்லை. அழாத அழுகை உள்ளேயே உறைந்து கிடந்தது.

"கதையாலயா வந்துச்சு, அண்ணி? டாக்டர்தான் சொன்னாரே."

"டாக்டருக்கு என்ன தெரியும்? நீ அழுததை அவரா பாத்தாரு? அதிலேருந்து உன் கைக்கு எது வந்தாலும் நான் கடைசிப் பக்கத்தைப் பாத்துடுவேன். எப்படி முடியும்னு முன்னாடியே சொல்லிட்டா உனக்கு அதிர்ச்சி இருக்காதுல்ல. இதுக்கு மட்டும் வாயைக் கட்டிப் போட்டுட்ட. நான் வேற என்ன செய்வேன்?"

இத்தனை நாள் குசும்பு என்று நினைத்திருந்தாள். இது அன்பு என்று தெரிந்ததும் கோபம் குறையவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் இன்னும் கூடியது.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, நூலாலேயே சொல்லிட்டீங்களே. குழந்தை செத்துடும். அவ்வளவுதானே?"

சின்னவள் மேசையிலிருந்த கத்திரியை எடுத்தாள். "இங்கயே நின்னு படிக்கிறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

இரட்டை முடிச்சை வெட்டினாள். நூல் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம். அடுத்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவள், கண்ணீர் திரண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவளுடைய தோள்கள் குலுங்கின. அடைத்துக் கிடந்த மடை ஒன்று எங்கோ உடைந்தது போலச் சத்தமில்லாமல் அழுதாள்.

"நான்தான் சொன்னேன்ல. கேட்டியா? கேட்டியா என் பேச்சை?"

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"குழந்தை சாகலை, அண்ணி."

"என்ன?"

"காய்ச்சல் இறங்கிடுது. வளர்ந்து, படிச்சு, வெளியூருக்கு வேலைக்குப் போறா. அவளை வழியனுப்பிட்டு வந்துதான் அந்த அம்மா சின்ன வயசுக் கவுனை எடுத்துப் பாக்குறா."

பெரியவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "பெட்டியில வச்சு மூடுறாளே. வீடு சத்தமே இல்லாம இருக்குன்னு போட்டிருக்கே. குழந்தைக் கவுனைப் பெட்டியில வச்சு மூடினா வேற என்ன அர்த்தம்? நானும் அப்படித்தானே வச்சேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

"எதை வச்சீங்க?" என்றாள் சின்னவள்.

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதையெல்லாம் யாருக்கோ குடுத்துட்டேன்னு சொன்னீங்களே, அண்ணி."

"குடுக்க மனசு வரலை. என் பெட்டியில, அடியில இருக்கு. நீ தைச்ச மஞ்சக் கவுனும் இருக்கு." பிறகு சட்டென்று அதட்டினாள். "அதை விடு. குழந்தை சாகலைன்னா நீ எதுக்குடி இப்படி அழுற?"

"அதுக்குத்தான் அண்ணி அழுறேன்."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கையைத் தட்டினார். இயந்திரம் நின்று வெகு நேரமாகியிருந்தது. இரண்டு பேரும் போய் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தார்கள். நெருங்கினார்கள், விலகினார்கள். இரண்டு பேருக்கும் கண்ணீர் வழிந்தது. துடைக்கத்தான் கை இல்லை. கடைசியில் பெரியவள், துவைத்த துணியில் விரல் ரேகை பட்டாலே கத்துகிறவள், விரிப்பின் முனையாலேயே தம்பி மனைவியின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தன் மூக்கையும் அதிலேயே துடைத்துக்கொண்டு, விரிப்பைச் சுருட்டி அழுக்குக் கூடையில் எறிந்தாள்.

"கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சா இப்படித்தான், அண்ணி. முதல்லேருந்து படிங்க. நல்லாருக்கு."

"யாருக்குப் பொறுமை இருக்கு? முடிவுதான் தெரிஞ்சுபோச்சே." அடுத்த விரிப்பை உதறினாள். "அடுத்தது என்ன படிக்கப் போற?"

"சொல்லமாட்டேன்."

"சொல்லாட்டி போ. நூலகத்துக்காரம்மாகிட்ட நானே கேட்டுக்கிறேன்," என்றாள் பெரியவள். "முனையை இழுத்துப் பிடி."