ஒத்தக்கடைக்குப் போகாத விதை

ஆத்தாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை குப்பை பொறுக்கியது. 1944, ஆடி முதல் சனிக்கிழமை. மதுரைத் தெருக்களில் அள்ளிய குப்பையை இரண்டு வண்டி, விளாங்குடியில் எங்கள் வயலோரம் வண்டிக்கார மொக்கையன் கொட்டிவிட்டுப் போயிருந்தான். கண்ணாடி, தகரம், ஆணி எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகே அதை வயலில் இறைக்க முடியும்.

முன்பு எங்கள் தொழுவச் சாணமே போதும். மழை பொய்த்த வருஷம் மாடுகளை விற்றோம். ஊரில் பாதிப் பேர் மில்லுக்குப் போய்விட்டார்கள். நானும் அங்கே பிட்டர். சுற்றிலும் தரிசு. ஆத்தா சீனியம்மாள் மட்டும் எங்கள் ஒன்றரை ஏக்கரை ஒரு வருஷம்கூடச் சும்மா போடவில்லை. அப்பா செத்த மாதமும் நாற்று நட்டாள்.

அவளுக்கு டயர் செருப்பு வாங்கி வந்திருந்தேன். அதை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுக் குப்பைமேல் ஏறினாள்.

"போட்டுக்க ஆத்தா. பூராம் ஆணி."

"வெள்ளாமைக்குப் போற குப்பையச் செருப்புக் காலோட எவனாச்சும் மிதிப்பானா? நீயும் கழட்டுறா."

கழற்றினேன்.

மில்லுக்குப் புறப்பட்ட சின்னக்கருப்பன் வரப்பில் நின்றார். "ஏக்கா, டவுன்காரன் கழிச்சுப் போட்டத நீ பொறுக்கிச் சேக்குற. மகன் சம்பாத்தியம் பத்தலையா?"

"அந்த டவுன்காரன் எதத் திங்கிறானாம், ஆணியவா? போப்பா, சங்கு ஊதிரப் போகுது."

சிரித்தபடியே காலைத் தூக்கினாள். குதிகாலில் துருப்பிடித்த ஆணி. முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அவளே பிடுங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வா. ஊசி போட்டுட்டு வந்துருவோம்."

"வெள்ளிக்கிழமை வாரேன். விதை மாத்த ஒத்தக்கடைக்குப் போகணும்ல. அப்படியே போட்டுக்கிறேன்."

மில்லில் ஆணி குத்தினால் அன்றைக்கே ஊசி. எனக்குத் தெரியும். சரி என்றேன். சங்கு ஊதியது, போனேன்.

வியாழக்கிழமை அவளுக்கு வாய் திறக்கவில்லை. மொக்கையன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை உயிர் அடங்கியது.

விளைந்த மண்ணிலேயே விதையைத் திரும்பப் போட்டால் கதிர் சோடை போகும் என்பாள். வருஷா வருஷம் எங்கள் விதைநெல் ஒத்தக்கடை ராமக்காளுக்கு. ராமக்காள் நெல் எங்களுக்கு. இந்த வருஷச் சாக்கு கதவோரம் நிற்கிறது. வாயை ஆத்தாவே தைத்திருக்கிறாள். நாற்றங்கால் உழுது கிடக்கிறது.

நேற்று ராமக்காள் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள்: "சீனியம்மா விதை வராம நான் நாத்துப் பாவ மாட்டேன். அவ எப்ப வாரா?"

சொந்தக்காரர்களுக்கெல்லாம் இழவு சொல்லி அனுப்பினோம். ராமக்காளுக்குச் சொல்லவில்லை.