ஒழுகாத வீடு

"நான் ஒரு தடவை கை வெச்ச குழாய்க்கு என்னை ரெண்டாவது தடவை கூப்பிட ஒருத்தன் இனிமேதான் பிறந்து வரணும்!"

இந்த வீரவசனம் அரங்கேறியது ஒரு சாதாரணக் குளியலறையில். முழங்கால் தண்ணீரில் நின்றபடி, வாயில் கவ்வியிருந்த டெஃப்லான் டேப்பை இதற்காகவே கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இளம் பிளம்பர் முழங்கினார். அவையில் இருந்தவர்கள் வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் மாமியார், ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியைத் தவிர மற்ற இருவரும் வெளியே போய்ச் சொன்னார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அன்றோடு உதிர்ந்து, ஊர் அவரை 'ஒரேதடவை' என்று கூப்பிடத் தொடங்கியது.

வாயால் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். சொன்னதைச் செய்து காட்டிக் கெட்டவர் இவர் ஒருவர்தான்.

மற்ற பிளம்பர்களைப் பாருங்கள். அரைகுறையாக ஒரு நட்டைத் திருகிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரமே வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். திட்டுவார்கள். திட்டிய வாய்க்கு வருத்தமாகி ஒரு டீ கொடுப்பார்கள். அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவார்கள். இப்படியே போய் அந்தப் பிளம்பருக்கு வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சை மார்க் வரை அத்துப்படியாகிவிடும். ஒரேதடவைக்கு ஊரில் பாதிச் சுவர்களுக்குள் ஓடும் பைப்புகளைத் தெரியும். எந்த எல்போ வளைவு எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தச் சுவர்களுக்குள் குடியிருந்தவர்களில் ஒருவர்கூட அவரைத் தெருவில் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? தண்ணீர்தான் ஒழுங்காக வருகிறதே.

கொள்கை என்று ஒன்று வந்துவிட்டால் அது குழாயோடு நிற்குமா? ஹார்டுவேர் கடையில் பில் போட்ட பெண்ணிடம் ஒருநாள், அரை இஞ்ச் வால்வு வாங்கும் சாக்கில், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அவள் பில்லைக் கிழித்துக் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்பது தரமில்லாத வேலை. அவள் யோசித்தாள், யோசித்தாள், கடைசியில் ஒரு பெயின்ட் வியாபாரியைக் கட்டிக்கொண்டாள். அவன் ஏழெட்டுத் தடவை கேட்டானாம். அவன் விற்ற பெயின்டும் அப்படித்தான், ஏழெட்டுத் தடவை அடித்தால்தான் ஒட்டும் என்று ஒரேதடவை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அவர் அந்தக் காலத்தில் தனி ஆள் இல்லை. அதற்குக் காரணம் அவருடைய தம்பி.

ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், தெருவைப் பார்த்து இரண்டு வாசல் என்று ஓர் இரட்டை வீடு. இடது பாதியில் இவர். வலது பாதியில் தம்பி குடும்பம். நடுச்சுவரில் ஒரு கதவு. தம்பிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. தனக்கும் பிளம்பிங் வரும் என்பது அவனைப் பிடித்த நோய். லீவு நாள் வந்தால் ஸ்பேனரைத் தூக்கிவிடுவான். சற்று நேரத்தில் நடுக்கதவு தட்டப்படும்.

"சீக்கிரம் வாங்க," என்பாள் தம்பி மனைவி. "உங்க தம்பி சமையலறைல நீச்சல் குளம் கட்டிட்டாரு. திறப்பு விழாவுக்கு உங்களத்தான் தேடுறோம்."

இவர் போவார். "உன் கையை உடைச்சு அடுப்புல வைக்கணும்டா" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே சரிசெய்வார். "சரிண்ணே, உட்காரு, சாப்பிடலாம்" என்பான் தம்பி. தம்பி வீட்டில் ஏதாவது ஒழுகிக்கொண்டே இருந்ததால், அண்ணன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒரே வீட்டிலிருந்து நூறு தடவை கூப்பிட்டால் கொள்கை என்னாவது? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். தம்பி கை வைத்ததும் அது புதுக் குழாய் ஆகிவிடுகிறதாம்.

தம்பி ஓய்வு பெற்றான். வேறு ஊரில் இருந்த மகனோடு போய் இருக்க முடிவுசெய்தார்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றியபின் தம்பி சொன்னான்: "எங்க பாதியைச் சும்மா பூட்டி வெக்காதண்ணே. சரிபண்ணி வாடகைக்கு விடு. பேச்சுத் துணையும் ஆச்சு."

"எனக்கு எதுக்குடா பேச்சுத் துணை?"

"உனக்கு வேண்டாம்ணே. வீட்டுக்கு வேணும்ல."

ஒரேதடவை வலது பாதியில் இறங்கினார். தம்பி முப்பது வருஷம் செய்த கைவேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு பைப்பைத் துணியாலும் சைக்கிள் ட்யூபாலும் கட்டி வைத்திருந்தான் பாவி. சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்தவர், குப்பையில் போடாமல் எதற்கோ தன் பாதியின் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். குளியலறைத் தரையை உடைத்து, ஒரு குவளை தண்ணீரை எங்கே ஊற்றினாலும் தானே வழி கேட்டு வடிகாலுக்குப் போகும்படி சரிவு கொடுத்து டைல்ஸ் பதித்தார். கதவுகளை இழைத்தார், ஜன்னல்களுக்கு எண்ணெய் விட்டார். இடது பாதியில் தூங்கி, வலது பாதியில் விழித்திருந்தார். சிமென்ட் தூசி இரு பாதியிலும் பாரபட்சமில்லாமல் படிந்தது. கடைசியாக நடுக்கதவைப் பெயர்த்தெடுத்துச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தார். குடித்தனக்காரருக்குத் தனிமை வேண்டும் அல்லவா? வேலை அத்தனை சுத்தம். மறுநாள் தன் பக்கத்திலிருந்து சுவரைத் தடவிப் பார்த்தபோது, கதவு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

புரோக்கர் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரேதடவை அவர்களுக்கு ஒவ்வொரு குழாயையும் அறிமுகம் செய்துவைத்தார். சம்பந்தி வீட்டாரை அறிமுகம் செய்வதுபோல, ஒவ்வொன்றின் குணநலன் உட்பட.

"எதுன்னாலும் கூப்பிடுங்க," என்று முடித்தார். பழைய வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா கூப்பிட வேண்டி வராது."

வரவில்லை.

முதல் மாதம் பெருமையாக இருந்தது. இரண்டாம் மாதம் பெருமையோடு இன்னும் ஏதோ சேர்ந்து இருந்தது. அதற்கப்புறம் பெருமை கழன்று விழுந்து, அந்த இன்னொன்று மட்டும் மிஞ்சியது. சாப்பாடு வைக்கும்போது கரண்டி சட்டியில் மோதும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பூச்சு அப்படி.

ஒருநாள் கேட்டருகில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாவனையில் நின்று, வேலைக்குக் கிளம்பிய கண்ணாடிக்காரனை மடக்கினார்.

"தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?"

"சூப்பரா வருது சார்."

"வேகம் கம்மியா இருக்குமே, காலைல?"

"இல்லையே சார். அருவி மாதிரி கொட்டுது."

"அடைப்பு கிடைப்பு?"

"சேச்சே."

"ஜன்னல் ஏதாவது இறுகிக்கிச்சா? மழை ஈரம்?"

"ஒண்ணுமே இல்ல சார். இப்படி ஒரு வீடு எங்களுக்கு அமைஞ்சதே இல்ல. வரட்டுமா?"

போய்விட்டான். தன் வேலையை இப்படிப் பாராட்டிய ஒருவனை அடிக்கலாம் போலிருந்தது ஒரேதடவைக்கு. ஊற்றிய தண்ணீரில் செடி அழுகிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

அந்த வாரம் தம்பி போன் செய்தான்.

"இங்க ஒரு குழாய் ஒழுகிச்சுண்ணே. நானே சரிபண்ணேன். இப்ப ரெண்டு ஒழுகுது."

"உன் கையை…"

"உடைச்சு அடுப்புல வைக்கணும். தெரியும். இங்க ஒரு பிளம்பர் வராரு. சுத்தமா வேலை தெரியாது. வாராவாரம் வந்து நிக்கிறாரு."

"அவனை ஏன்டா வீட்டுக்குள்ள விடுற?"

"நல்ல மனுஷன்ணே. நல்லா பேசுறாரு. இப்பக்கூட உள்ள உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்காரு."

ஒரேதடவை "சரி, வெச்சிடு," என்றார். ஜன்னலில் இருந்த அந்தத் துணியையும் சைக்கிள் ட்யூபையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அழைப்பு மணி அடித்தது. வாசலில் டீச்சர்.

"சார், வாஷிங் மெஷின் வாங்கியிருக்கோம். அதுக்குத் தனியா ஒரு குழாய் இழுக்கணுமாம். வெளியில ஆள் பார்க்கட்டுமா, இல்ல நீங்களே…"

"வெளியாளா! என் வீட்லயா!" என்றவர், சட்டை மாற்ற உள்ளே ஓடினார். பைப் வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போன முதல் பிளம்பர் இவராகத்தான் இருக்கும்.

அவசரப்படாமல் வேலை செய்தார். அவசரப்படாமல் என்பது மரியாதைக்காகச் சொல்வது. சிறுபிள்ளைகூடச் செய்துவிடும் வேலையை, நான்கு தடவை அளந்து, மூன்று தடவை பென்சிலைத் தேடி, மதியம் வரை இழுத்தார். டீச்சர் டீ கொண்டு வந்தாள். குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டாள். தானும் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க சார். உங்களைக் கூப்பிடவே பயமா இருந்துச்சு."

"ஏம்மா?"

"புரோக்கர் சொல்லி வெச்சாரு. உங்க வீட்ல ஏதாவது ரிப்பேர்னு உங்களைக் கூப்பிட்டா, அது உங்க மூஞ்சில அடிச்ச மாதிரின்னு. அதான், கேட்ல பார்த்தாக்கூட எல்லாம் சூப்பர்னு சொல்லணும்னு நானும் அவரும் பேசி வெச்சிருக்கோம்."

ஒரேதடவை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் இல்லம்மா, சும்மாவே கூப்பிடுங்க, காரணமே வேண்டாம் என்ற வாக்கியம் அவர் தொண்டை வரை வந்தது. அங்கே அடைத்துக்கொண்டது. உலகத்து அடைப்பையெல்லாம் எடுத்தவர், அந்த ஓர் அடைப்பை எடுக்கத் தெரியாமல் முழித்தார்.

"டீ நல்லா இருக்கு," என்றார்.

"இன்னொரு டீ போடவா சார்?"

"ஒரு தடவை போதும்மா," என்றது பழக்கப்பட்ட வாய்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போனபிறகுதான், வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறுபடி கூப்பிட்டுக் கேட்பதா? அவர் பரம்பரையிலேயே கிடையாது.

குழாயின் நட்டை இறுக்கினார். தண்ணீரைத் திறந்துவிட்டார். இணைப்பைச் சுற்றிக் காய்ந்த காகிதத்தை வைத்து எடுத்துப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது. இன்னும் முப்பது வருஷத்துக்கு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். பையை மூடினார். முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு பையைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, நட்டைக் கால் சுற்று பின்னோக்கித் திருப்பினார். கை ஒத்துக்கொள்ளவில்லை, இடது கையால் வலது கையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. இணைப்பின் அடியில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. யோசித்தது. விழுந்தது. தரை கெட்டுவிடக் கூடாதே என்று அதற்கு அடியில் ஒரு குவளையையும் வைத்தார். என்ன இருந்தாலும் தொழில் சுத்தம்.

"முடிஞ்சுதா சார்?" என்று டீச்சர் எட்டிப் பார்த்தாள். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு வராதுல்ல?"

ஒரேதடவை ஸ்பேனரைச் சட்டைத் துணியால் துடைத்தார். இஸ்திரி போட்ட சட்டை என்பது மறந்துபோயிருந்தது.

"வரும்மா," என்றார். "லேசா ஒழுகும். கூப்பிடுங்க."