மூணாவது அறையில் ஒரு கப்பல்

எங்க அக்கா படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டர்ல பத்தொன்பது வருஷமா உட்கார்ந்திருக்கா. தீவுக்கோட்டைக்கு டிக்கெட் வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும், "சிறையில மூணாவது அறை. ஒரு கைதி சுவத்துல கப்பல் கீறி வச்சிருக்கான். பார்க்காம வராதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புவா. ஆனா அவ மட்டும் அந்தத் தீவுல கால் வச்சதே இல்ல.

வருஷா வருஷம் ஆபீஸ்ல குடும்பத்துக்கு இலவச பாஸ் தருவாங்க. அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துடுவா. கேட்டா, கடல் காத்து ஒத்துக்காதாம். நாள் பூரா கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவ பேசுற பேச்சா இது? எனக்கு மண்டை காய்ஞ்சுது. அப்படி என்னதான் மறைக்கிறா?

இந்த வருஷம் பாஸ் மாமா கையில சிக்கிடுச்சு. அக்கா வீட்டுக்காரர் பரம சாது, வாயைத் திறக்கிறதே கொட்டாவி விடத்தான். அவரே, "நீ வரலேன்னா நான் தனியாப் போய் அந்தக் கப்பலைப் பார்த்துட்டு வந்துடுவேன்"னார். அக்கா முகம் வெளுத்துப் போச்சு. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கிளம்பினோம்.

படகு பாதி தூரம் போனதும் அக்கா என் முழங்கையைப் பிடிச்சா.

"அங்க கப்பலே கிடையாதுடி."

"என்னது?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒருத்தர் அங்க என்ன இருக்குன்னு கேட்டார், தெரியாதுன்னேன். தெரியாதுன்னு சொல்லவா உன்னை இங்க உட்கார வச்சிருக்குன்னு மேலதிகாரி எல்லார் முன்னாடியும் கத்திட்டார். அடுத்து கேட்டவங்ககிட்ட வாயில வந்ததைச் சொன்னேன். அப்படியே பழகிப் போச்சு."

"அடிப்பாவி! ஒருத்தர்கூடத் திரும்பி வந்து சண்டை போடலையா?"

"திரும்புற படகு அந்தக் கடைசித் துறையில நிக்கும். என் ஜன்னல் பக்கம் யாரும் வர மாட்டாங்க. உங்க மாமா இந்தக் கப்பல் கதையை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லி வச்சிருக்கார். இன்னிக்கு அவர் முன்னாடி என் மூஞ்சியை எங்கடி கொண்டு வைப்பேன்?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. இப்பவே படகைத் திருப்பச் சொல்லுடின்னு அவ கெஞ்சினதும் ரெண்டும் போயிடுச்சு.

தீவுல இறங்கினதும் மாமா நேரா சிறைக்குத்தான் நடந்தார். என்னிக்கும் இல்லாத வேகம். மூணாவது அறைக்குள்ள நுழைஞ்சார்.

"அடேயப்பா! நீ சொன்ன மாதிரியே இருக்கே!"

நாங்க ஓடிப் போய்ப் பார்த்தோம். சுவத்துல ஒரு கப்பல். மூணு பாய், உச்சியில ஒரு கொடி. அக்கா கதவு நிலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. மாமா ஆசை தீரப் பார்த்துட்டு அடுத்த அறைக்குப் போனார்.

வாசல்ல ஸ்டூல் போட்டு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இது யாருங்க கீறினது?"

அவர் ரெண்டு பக்கமும் பார்த்தார். "வெளிய சொல்லிடாதீங்கம்மா, நான்தான். படகுல வர்ற அத்தனை பேரும் கப்பல் எங்க, கப்பல் எங்கன்னு உயிரை எடுத்தாங்க. டிக்கெட் கொடுக்கிற அம்மா சொன்னாங்களாம். இல்லைன்னு சொன்னா பாவம், முகம் வாடிப் போகுது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொறுக்க முடியாம ஒரு ஆணியை எடுத்தேன். அந்த அம்மாவை என்னிக்காவது பார்த்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்."

"கேளுங்க. அது நான்தான்"னா அக்கா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கப்பலுக்கு எத்தனை பாய்னு சேர்த்துச் சொல்லி விட்டிருக்கக் கூடாதாம்மா? நான் மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

அக்கா சிரிச்ச சிரிப்புல மாமா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவ மறந்து வச்சுட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கவுன்ட்டருக்குப் போனேன். ஜன்னல்ல ஒருத்தர், "தீவுல என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தார்.

"சிறையில மூணாவது அறை. சுவத்துல ஒரு கப்பல் இருக்கு"ன்னா அக்கா. இந்தத் தடவை அவ பேச்சுல கைதியைக் காணோம். டிக்கெட்டைக் கிழிச்சு நீட்டினவ, கொஞ்சம் நிறுத்தி, "நானே என் கண்ணால பார்த்தேன்"னா.