ஆடி அமாவாசையன்று பந்திங் கடற்கரையில் வாங்கிய அறை

போன மாதம் பந்திங் பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையை லொகேஷனோடு இங்கே போட்டேனே, இன்று அங்கேயே அடி வாங்கினேன்.

காலையில் போனால் கார் நிறுத்த இடமில்லை. மணலெங்கும் பாய், ஸ்பீக்கர், பந்து. நடுவில் ஈர வேட்டியோடு ஓர் அண்ணன் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். யாரோ உதைத்த பந்து அவர் வாழையிலையில் விழுந்து, பிண்டம் சிதறியது.

பொறுக்கித் தரப் போனேன்.

"எப்படி தம்பி இவ்ளோ கூட்டம்?" என்றார்.

"என் போஸ்ட்தான் அண்ணே. செம்ம ஷேர் லா!" என்றேன், பெருமையாக.

எள் ஒட்டிய ஈரக்கையால் விட்டார் ஓர் அறை. உதடு கிழிந்தது. சட்டையைப் பிடித்து ஈர மணலில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தினார்.

"பத்து வருஷமா இங்க எங்கப்பாவும் நானும் மட்டும்தான்டா!"

நாலு பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்தது. வீட்டில் முகம் கழுவும்போதும் காதோரம் எள்.

அந்தப் போஸ்டை அழித்துவிட்டேன். ஆனால் நான் அடி வாங்கும் வீடியோவை யாரோ போட்டிருக்கிறார்கள், லொகேஷனோடு. முதல் கமெண்ட்: "இடம் சூப்பரா இருக்கே, ஞாயித்துக்கிழமை போலாமா?"

அண்ணே, சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல.