கடித்ததைக் கட்டி வைக்கவும்

1930களின் தொடக்கத்தில், மலாயாவில் பொந்தியானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தேன். டாக்டர் மாதம் இருமுறை வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர்; எனக்காவது அப்படித் தோன்றியது.

நாய்க்கடி விதிகள் எனக்கு மனப்பாடம். புண்ணைச் சோப்புத் தண்ணீரில் கழுவு. தைக்காதே, இறுக்கிக் கட்டாதே; சீழ் வெளியேற வழி வேண்டும். நாயைக் கொல்லாதே, கட்டி வைத்துப் பத்து நாள் பார். பிழைத்திருந்தால் அதற்கு வெறி இல்லை.

ஆற்றுக்கு அப்பாலுள்ள தொழிலாளர் லயத்தில் பால்வெட்டும் பெண்ணொருத்தியை வலது கையில் நாய் கடித்துவிட்டதென்று கங்காணி ஆள் அனுப்பினார். ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் இலக்கணம் படித்தவன் அல்லவா, சுருக்கமாக எழுதினேன்: "கழுவவும். கடித்ததைக் கட்டி வைக்கவும். வெள்ளம் வடிந்ததும் அழைத்து வரவும்."

கடிபட்ட இடத்தைத்தான் கட்டச் சொல்கிறேன் என்று லயமே ஒருமனதாக முடிவு செய்தது. காப்பித்தூளை அப்பி, வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நாய் தன் வழியே போயிற்று.

நான்காம் நாள் அவளைக் கூட்டி வந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் நாற்றம் அறையை நிறைத்தது. கை வீங்கிப் பளபளத்தது. சிவப்புக் கோடொன்று முழங்கைவரை ஏறியிருந்தது.

"யார் இப்படிக் கட்டச் சொன்னது?"

"நீங்கதாங்க ஐயா." கங்காணி சீட்டை நீட்டினார்.

"நான் நாயையல்லவா சொன்னேன்!"

"நாய்னு எங்கங்க இருக்கு இதுல?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவ நாய்க்கும் ஒரு சீட்டுக் குடுங்கய்யா. படிச்சிட்டு அதுவே வந்து கட்டிக்கும்." பிறகு குரல் இறங்கியது. "இந்தக் கையால கத்தி புடிக்க முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

உள்ளங்கையைக் கீறிச் சீழை வடித்தேன். நாளுக்கு நான்கு முறை உப்பு வெந்நீரில் கையை ஊறவைத்தோம். பெனிசிலின் அன்று கிடையாது. நாயைக் காணாததால் வெறிநாய் என்றே கொள்ள வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து மருந்து வரவழைத்து, வயிற்றில் பதினான்கு ஊசி. பதினோராம் ஊசியன்று நாய் கொழுகொழுவென்று லயத்துக்குத் திரும்பியதாம்.

கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அவளே அதை மேசைமேல் வைத்தாள்.

"புல்லு வெட்டப் போறேங்கய்யா."

கூலி குறைந்த வேலை அது. ஊனத்துக்குக் காரணம் நாய்க்கடி என்று தோட்டத் துரைக்கு எழுதினேன். வெள்ளத்தால் சிகிச்சை தாமதம் என்றும் சேர்த்தேன். இரண்டும் உண்மை. சீட்டைப் பற்றி எழுதப் பேனாவை மறுபடி மையில் தோய்த்தேன். பிறகு கையெழுத்தை மட்டும் போட்டேன்.